ஐந்தாம் நம்பரின் ஐந்தாவது ஃபவுல்

அந்தக் கல்லூரியின் கூடைப்பந்து அணிக்கு மற்ற கல்லூரிக்காரர்கள் வைத்த பெயர் கைதூக்கி டீம். கேலிப்பெயர்தான், ஆனால் அதில் ஒரு சொட்டுப் பொய் கிடையாது. கோச் கொண்டுவந்த வழக்கம் அப்படி. ஃபவுல் செய்தவன் விசில் ஊதிய மறுநொடி தன் கையைத் தானே தூக்கிவிட வேண்டும். ரெஃபரி யாரைக் காட்டுகிறார் என்று வேடிக்கை பார்த்துக்கொண்டு நிற்கக் கூடாது. எதிரணிப் பையன்கள் "நானா? நான் தொடவே இல்லையே" என்று இரண்டு கையையும் விரித்து நாடகம் போட்டுக்கொண்டிருக்கும்போது, இவர்கள் வகுப்பில் பெயர் கூப்பிட்டதுபோல் கையைத் தூக்கிக்கொண்டு நிற்பார்கள். பார்க்கிறவர்களுக்குச் சிரிப்பு வராமல் என்ன செய்யும்?

மைதானத்தோடு முடிகிற வழக்கமும் இல்லை அது. ஆட்டம் முடிந்ததும் உடை மாற்றும் அறையில், ஈரத்துண்டும் காலுறையும் சேர்ந்து நாறுகிற அந்த அறையில்தான், கோச் தன் நீளமான நோட்டைத் திறப்பார். ஸ்கோர் தாளிலிருந்து ஃபவுல்களை அதில் வரிசையாக எழுதி வைத்திருப்பார். நம்பரைச் சொல்லி, எந்த நிமிடம் என்று சொல்லி, நிமிர்ந்து பார்ப்பார். அதற்கு உரியவன் கையைத் தூக்கி "என்னுது" என்று சொல்ல வேண்டும். ஜெயித்திருந்தாலும் இது நடக்கும், தோற்று அழுதுகொண்டிருந்தாலும் நடக்கும். சீசனின் கடைசி ஆட்டத்தன்று மட்டும் கூடுதலாக ஒரு கேள்வி உண்டு. "எழுத விட்டுப்போனது ஏதாவது இருக்கா?" என்று கேட்டுவிட்டு, மனதுக்குள் பத்து எண்ணுகிறவர்போல் காத்திருப்பார். பதினோரு வருடமாக அந்தக் கேள்விக்கு ஒரு கைகூட உயர்ந்ததில்லை. அந்தப் பத்து நொடியில் எல்லோருக்கும் ஷூ கயிற்றின் மேல் அப்படி ஒரு அக்கறை வந்துவிடும். பிறகு நோட்டை மூடிக்கொண்டு போய்விடுவார்.

குச்சிக்கு இதெல்லாம் முதல் வருடத்திலேயே பழகிப்போயிற்று. ஆறடி நான்கு அங்குலம், எடை சொல்லிக்கொள்ளும்படி இல்லை, அதனால் குச்சி. ஜெர்சி நம்பர் பதினைந்து. முதல் வருடம் முழுக்க பெஞ்சைத் தேய்த்தான். இரண்டாம் வருடம் சீசன் தொடங்கி மூன்றாவது ஆட்டத்தில் ஒருவனுக்குக் கணுக்கால் பிசகியது. இவனுக்கு அடித்தது யோகம். உள்ளே இறங்கியவன் பிறகு வெளியே வரவே இல்லை.

அந்த சீசனை என்னவென்று சொல்வது! முதல் மூன்று ஆட்டமும் தோல்வி. மூன்றாவதில் முப்பது புள்ளி வித்தியாசம். கல்லூரி உணவகத்தில் டீ ஊற்றுகிறவர்கூட இவர்களைப் பார்த்தால் பாவம் பார்த்து சர்க்கரை கூடப் போட்டார். பிறகு எங்கிருந்துதான் வந்ததோ, தொடர்ந்து ஏழு வெற்றி. அதற்குப் பாதிக் காரணம் கேப்டன். கடைசி வருடப் படிப்பு, ஐந்தாம் நம்பர். காலையில் ஒரு மரச்சாமான் கிடங்கில் அலமாரிகளையும் கட்டில்களையும் லாரியில் ஏற்றிவிட்டு வகுப்புக்கு வருகிறவன். கையில் எப்போதும் பாலிஷ் வாசனை. அதிகம் பேச மாட்டான். பந்து வரும் இடத்தில் முன்கூட்டியே நிற்பான், அவ்வளவுதான். மீதிப் பாதிக் காரணம் தான்தான் என்று குச்சி நினைத்துக்கொண்டான். சொல்லப்போனால் அதில் தப்பும் இல்லை.

அரையிறுதிக்கு முந்தின நாள் செய்தி வந்தது. ஒரு சரக்குக் கப்பல் நிறுவனம் தன் அணிக்கு ஆள் எடுக்கிறது. ஒரே ஓர் இடம். எடுபட்டால் விளையாட்டும் உண்டு, அலுவலகத்தில் நிரந்தர வேலையும் உண்டு. தேர்வாளர் அரையிறுதியை மட்டும் பார்ப்பார், அன்றைக்கே ஊர் திரும்பிவிடுவார். இறுதி ஆட்டத்துக்கு இருக்க மாட்டார். அதைக் கேட்டதும் கேப்டன் மறுநாளைக்குக் கிடங்கில் விடுப்புச் சொன்னான். மூன்று வருடத்தில் அவன் எடுத்த முதல் விடுப்பு அது என்று குச்சிக்குத் தெரியும். எல்லோருக்குமே தெரியும்.

அரையிறுதி அன்று குச்சியின் அக்காவும் வந்தாள். தம்பி விளையாடி அவள் பார்ப்பது அதுவே முதல் முறை. கண்ணாடிக் கடையில் வேலை. வருகிறவர்களுக்கு ஃபிரேம் எடுத்துக் காட்டுவது, மூக்கில் உட்காருகிறதா என்று பார்ப்பது, காதுப் பக்கம் வளைத்துக் கொடுப்பது. கூடைப்பந்தைப் பற்றி அவளுக்குத் தெரிந்ததெல்லாம் பந்து வளையத்துக்குள் போக வேண்டும் என்பது மட்டும்தான். காலரியில் முதல் வரிசையில் உட்கார்ந்து, போனைத் தூக்கிப் பிடித்தவள் பிடித்தபடியே இருந்தாள். ஆட்டம் முழுவதையும் எடுத்தாள்.

கடைசி நான்கு நிமிடம். இரண்டு பக்கமும் சமமாக ஐம்பத்தெட்டு. கேப்டனுக்கு அதற்குள் நான்கு ஃபவுல் விழுந்திருந்தது. குச்சிக்கும் நான்கு. ஐந்தாவது விழுந்தால் ஆள் வெளியே, திரும்ப உள்ளே வர முடியாது. இருவருமே கண்ணாடிப் பாத்திரக் கடைக்குள் நடப்பதுபோல் ஆடிக்கொண்டிருந்தார்கள். எதிரணியின் பெரிய ஆள் பந்தோடு வளையத்தின் கீழ் புகுந்து எழும்பினான். கேப்டன் அவன் முன்னால் இரண்டு கையையும் நேராக மேலே உயர்த்தித் தடுத்து நின்றான். பக்கவாட்டில் இருந்து வந்த குச்சி பந்தைத் தட்டப் போனான். பந்து நகர்ந்துவிட்டது. விழுந்த அடி அந்த ஆளின் மணிக்கட்டில்.

விசில்.

நெரிசலில் மூன்று பேர் ஒன்றாகக் கீழே இறங்கினார்கள். ரெஃபரி கண்ணில் பட்டது கேப்டனின் முதுகு. ஸ்கோர் மேஜையைப் பார்த்து ஐந்து விரலையும் விரித்துக் காட்டினார்.

குச்சியின் கை எழுந்தது. இல்லையென்று சொல்ல முடியாது, எழுந்தது. இரண்டு வருடப் பழக்கம். தோள்வரை வந்த கை அங்கே நின்றது. எதிரே காலரியில் தேர்வாளர் உட்கார்ந்திருப்பது தெரிந்தது. பக்கத்தில் அக்கா போனோடு இருப்பதும் தெரிந்தது. அந்தக் கை நெற்றிக்குப் போய் வியர்வையைத் துடைத்துவிட்டுக் கீழே இறங்கியது.

கேப்டன் அவனைப் பார்த்தான். ஒரு நொடி இருக்கும், அதற்கு மேல் இல்லை. பிறகு தன் கையைத் தூக்கினான். தூக்கியபடியே நடந்து போய் பெஞ்சில் உட்கார்ந்து தலையில் துண்டைப் போட்டுக்கொண்டான்.

அதற்குப் பிறகு குச்சி ஆடிய ஆட்டம் இருக்கிறதே, அதைப் பார்த்தவர்கள் இன்றைக்கும் பேசுவார்கள். பேய் பிடித்தவன் மாதிரி ஆடினான். கடைசி நான்கு நிமிடத்தில் எட்டுப் புள்ளி. ஆறு நொடி மிச்சம் இருக்கும்போது, ஒரு புள்ளி பின்னால் இருந்த நிலையில், மூலையில் இருந்து எறிந்த பந்து வளையத்தைத் தொடாமல் உள்ளே போனது. அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு மைதானத்தைச் சுற்றினார்கள். மேலே இருந்தபடி அவன் பார்த்தான். கேப்டன் துண்டை மடித்துக்கொண்டிருந்தான்.

அறையில் கோச் நோட்டைத் திறந்தார். ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டே வந்து, ஐந்தாம் நம்பர், ஐந்தாவது ஃபவுல், முப்பத்தாறாவது நிமிடம் என்று சொல்லி நிமிர்ந்தார். குச்சி எழப் போனான். இப்போது சொல்லிவிடலாம், இதோ, இந்த நொடி. வாயைத் திறப்பதற்குள் கேப்டன் கையைத் தூக்கிவிட்டான்.

"என்னுது."

கோச் அவனை ஒரு முறை பார்த்தார். நோட்டை ஒரு முறை பார்த்தார். அடுத்த நம்பரைப் படித்தார்.

தப்பு செய்தவனுக்கு உலகத்தில் எதிரி வேண்டியதில்லை, பாசமான அக்கா ஒருத்தி இருந்தால் போதும். வீட்டுக்கு வந்ததும் வராததுமாக அவள் வீடியோவைப் போட்டுக் காட்ட ஆரம்பித்தாள். அதில் ஆட்டம் எங்கே இருந்தது? பந்து எங்கே என்று பூதக்கண்ணாடி வைத்துத் தேட வேண்டும். நாற்பது நிமிடமும் நடுவில் தம்பி, தம்பி மட்டுமே. தம்பி ஓடுகிறான், தம்பி மூச்சு வாங்குகிறான், தம்பி ஷூ கயிற்றைக் கட்டுகிறான். டிவிக்காரன் எடுத்திருந்தால்கூட அந்த ஃபவுலை அவ்வளவு தெளிவாக எடுத்திருக்க மாட்டான். கை பாய்வது, மணிக்கட்டில் படுவது, விசில், பாதி எழுந்த கை, நெற்றி வியர்வை. எல்லாம் பளிச்சென்று இருந்தது.

"இங்க பாரேன், எப்படிப் பாயிறே" என்று அக்கா அதே இடத்தில் நிறுத்தி அம்மாவுக்குக் காட்டினாள். அவளுக்கு மிகவும் பிடித்த இடம் அதுதான்.

அழித்துவிடச் சொன்னான். மாட்டேன் என்றாள். கெஞ்சினான். போனில் இடம் அடைக்கும் என்றான். தன் போன், தன் இடம் என்று முடித்துவிட்டாள். இரண்டு நாள் கழித்துக் கடைப் பக்கம் போனவன் வாசலிலேயே நின்றுவிட்டான். உள்ளே நாற்காலியில் ஒரு பெரியவர், கண்ணில் சொட்டு மருந்து விட்டு, எதிரே இருப்பதே மங்கலாகத் தெரியும் நிலையில் உட்கார்ந்திருக்கிறார். அவர் மூக்குக்கு நேராக அக்கா போனை நீட்டிக்கொண்டிருக்கிறாள். அந்த மனிதர் ஒன்றும் தெரியாமலே "ஆகா, ஆகா" என்று தலையாட்டுகிறார். லென்ஸ் தேய்க்கிற இயந்திரத்தில் வேலை செய்கிறவர் இவனைக் கண்டதும் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து வந்து கைகுலுக்கினார். வெட்கம் பிடுங்கித் தின்றது. சிரித்து வைத்தான். வேறு என்ன செய்வான்?

கல்லூரியிலும் அதே கதை. கேண்டீனில் எழுந்து இடம் கொடுத்தார்கள். யாரென்றே தெரியாத பெண்கள் பெயர் சொல்லி வாழ்த்தினார்கள். கேப்டன் மட்டும் வழக்கம்போல் இருந்தான். பயிற்சியில் பந்தைப் போட்டான், "நல்ல ஷாட்" என்றான், தண்ணீர் பாட்டிலை நீட்டினான். அவன் ஒரு வார்த்தை திட்டியிருந்தால், முறைத்திருந்தால்கூடப் போதும். குச்சி சண்டைக்குப் போயிருப்பான், சண்டையில் உண்மை வெளியே வந்திருக்கும். திட்டாதவனிடம் போய் என்ன சொல்வது? மூன்று முறை சொல்லப் போனான். ஒரு முறை கிடங்கு வாசல்வரைகூடப் போனான். அங்கே கேப்டன் ஒரு இரட்டைக் கதவு அலமாரியின் அடிப்பக்கத்தைத் தோளில் வாங்கிக்கொண்டு, லாரியில் சாய்த்து வைத்த பலகை மேல் ஏறிக்கொண்டிருந்தான். குச்சி சத்தம் போடாமல் திரும்பி வந்துவிட்டான்.

இந்த நிலையில்தான் கடிதம் வந்தது. கப்பல் நிறுவனத்தின் முத்திரை. தேர்வுப் பயிற்சிக்கு வரச் சொல்லி, இன்ன தேதி, இன்ன இடம். கேப்டனுக்கு இல்லை, குச்சிக்கு.

கேட்டதும் கேப்டன் வந்து தோளில் தட்டினான். "போய் நல்லா பண்ணு" என்றான். அந்த இடத்திலேயே நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம்போல் இருந்தது குச்சிக்கு. அப்போதும் சொல்லவில்லை. ஏன் என்று அவனைக் கேட்டால் அவனுக்கே தெரியாது. கோழைக்குக் காரணமா கிடைக்காது? இறுதி ஆட்டம் முடியட்டும், அணி கலைந்துவிடக் கூடாது, கேப்டன் மனசு இன்னும் கஷ்டப்படும் என்று நாளுக்கு ஒன்றாகக் கண்டுபிடித்தான்.

கடைசியில் தனக்குத் தெரியாத ஆளிடம் சொல்வது சுலபம் என்று தோன்றியது. தேர்வாளரிடமே போய்ச் சொல்லிவிடலாம், அவராகவே கேப்டனைக் கூப்பிட்டுக்கொள்வார், யாரும் யாரையும் பார்த்துப் பேச வேண்டியதில்லை. அப்படி ஒரு கணக்கு. ரயில் ஏறி இரண்டு மணி நேரம் பயணம் செய்து அந்த அலுவலகத்துக்குப் போனான். மூன்றாவது மாடி. அறை முழுக்க வெற்றிக் கோப்பைகள், அவற்றின் மேல் தூசி. ஜெராக்ஸ் இயந்திரத்தின் சூடு. தேர்வாளர் ஒரு காலத்தில் விளையாடியவர், முழங்காலில் பட்டை போட்டுக் காலை நீட்டி வைத்திருந்தார். குச்சி உட்காராமலே எல்லாவற்றையும் கொட்டினான். அந்த ஃபவுல் தன்னுடையது, தான்தான் வெளியே போயிருக்க வேண்டியவன், இந்த இடம் கேப்டனுக்கு உரியது.

அவர் கேட்டு முடித்தார். கோபப்படவில்லை. பேனாவை மூடி வைத்தார்.

"அது எனக்குத் தெரியாதுன்னு நினைச்சீங்களா தம்பி? நேர் எதிர்லதான உட்கார்ந்திருந்தேன். உங்க கை பட்டதையும் பாத்தேன், தூக்கின கையை நீங்க இறக்கிக்கிட்டதையும் பாத்தேன்."

குச்சி சட்டைப்பையிலிருந்து கடிதத்தை எடுத்து மேஜையில் வைத்தான்.

"உங்க கேப்டன் நல்ல பையன். நல்ல பையனுங்க எங்ககிட்ட நிறைய இருக்காங்க. அந்த மாதிரி நேரத்துல சத்தம் போடாம நிக்கத் தெரிஞ்ச ஆளைத்தான் நான் தேடிக்கிட்டு இருந்தேன். இதைப் போய் மனசுல வச்சுக்கிட்டு இவ்வளவு தூரம் வந்தீங்களா? போய் டீ குடிச்சிட்டுக் கிளம்புங்க."

பாராட்டித்தான் சொன்னார். கெட்ட மனிதர்கூட இல்லை. டீக்கும் சொல்லிவிட்டார். குச்சி அந்த டீயைக் குடித்தான். அது மட்டுமா, மேஜையில் வைத்த கடிதத்தை எடுத்து மடித்து மறுபடியும் சட்டைப்பையிலேயே வைத்துக்கொண்டான். திரும்பி வரும் ரயிலில்தான் அதை உணர்ந்தான். வழிநெடுக ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பி வைத்துக்கொண்டிருந்தான். எதிரே உட்கார்ந்திருந்த குழந்தையின் முகத்தைக்கூட அவனால் பார்க்க முடியவில்லை.

சனிக்கிழமை மாலை இறுதி ஆட்டம்.

அதில் குச்சி செய்த காரியத்தை இந்த அணியில் உள்ளவனைத் தவிர உலகத்தில் வேறு எவனும் செய்திருக்க மாட்டான். விசில் ஊதினால் போதும், கையைத் தூக்கினான். தன் ஃபவுலுக்கும் தூக்கினான், அடுத்தவன் ஃபவுலுக்கும் தூக்கினான். ரெஃபரியும் பழகிய வேகத்தில் உயர்ந்த கையைப் பார்த்துப் பதினைந்து என்று காட்டிக்கொண்டே போனார். இரண்டாவது பாதி தொடங்குவதற்குள் மூன்று விழுந்துவிட்டது. அதில் இரண்டு அவனுடையதே இல்லை. இப்படியே ஐந்தையும் வாங்கிக்கொண்டு வெளியே போய்விட்டால் ஏதோ ஒன்று சரியாகிவிடும் என்று அந்தப் புத்திசாலி நினைத்தான்.

மூன்றாவது கால்பகுதியில் கேப்டன் ஒருவனை இடுப்பால் தள்ளிவிட்டான். விசில். கேப்டன் கையைத் தூக்கினான். பத்தடி தள்ளி, பந்துக்கும் அந்த ஆளுக்கும் சம்பந்தமே இல்லாத இடத்தில் நின்றுகொண்டு குச்சியும் கையைத் தூக்கினான்.

ரெஃபரி அவனைப் பார்த்தார். இவனைப் பார்த்தார். விசில் வாயிலிருந்து நழுவிக் கழுத்தில் தொங்கியது. காலரியில் எழுந்த சிரிப்பு இருக்கிறதே, கூரை அதிர்ந்தது. "அவ்வளவு தூரத்துல இருந்து தள்ள இவனுக்கு ஏணி மாதிரி கையா?" என்று யாரோ கத்தினார்கள். ரெஃபரியே கீழே குனிந்து சிரிப்பை அடக்கினார். கேப்டன் மட்டும் சிரிக்கவில்லை. அவன் முகம் சிவந்து போயிருந்தது.

"கையை இறக்கு" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னான். அந்த மூன்று வாரத்தில் அவன் குச்சியிடம் கோபமாகப் பேசிய முதல் வார்த்தை.

கோச் டைம்-அவுட் கேட்டார். வட்டமாக நின்றவர்கள் நடுவில் குச்சியின் ஜெர்சியைப் பிடித்து இழுத்தார்.

"உன்னுதுக்குத் தூக்கு. அடுத்தவனுதுக்குத் தூக்கினா அதுவும் பொய்தான். யார் தூக்கினாலும் பொய்தான்."

இதைச் சொல்லும்போது அவர் குச்சியைப் பார்க்கவில்லை. வட்டத்துக்கு அந்தப் பக்கம் நின்ற கேப்டனைப் பார்த்தார். கேப்டன் தலையைக் குனிந்துகொண்டான்.

ஒன்பது புள்ளியில் தோற்றார்கள். நியாயமான தோல்வி, எதிரணி நன்றாக ஆடியது. சிரிப்பு வேறு காதிலேயே நின்றது. அறைக்குள் வந்து பெஞ்சில் ஆளுக்கொரு பக்கம் விழுந்தார்கள். யாரோ ஒருவன் மூக்கை உறிஞ்சினான். கோச் நோட்டைத் திறந்து அன்றைய ஃபவுல்களைப் படித்தார். பதினைந்தாம் நம்பருக்கு வந்தபோது, எது தன்னுடையதோ அதற்கு மட்டும் குச்சி கையைத் தூக்கினான். மற்ற இரண்டுக்கும் உரியவர்கள் தாங்களாகவே "என்னுது" என்றார்கள். கோச் அவற்றை அடித்துத் திருத்தி எழுதினார். படித்து முடித்து, பேனாவைக் கையில் வைத்தபடியே நிமிர்ந்தார்.

"எழுத விட்டுப்போனது ஏதாவது இருக்கா?"

பதினோரு ஜோடிக் கைகள் ஷூ கயிற்றுக்குப் போயின. ஒன்று, இரண்டு, மூன்று. இங்கே தேர்வாளர் இல்லை, காலரி இல்லை, போன் இல்லை. எல்லோரும் குனிந்துதான் இருக்கிறார்கள், ஒருவனும் குச்சியைப் பார்க்கவில்லை. அப்படியிருந்தும் கை ஒரு மூட்டை கனம் கனத்தது. ஆறு. ஏழு.

தூக்கினான்.

கயிறு கட்டிக்கொண்டிருந்த கைகள் நின்றன. யாரும் நிமிரவில்லை.

கோச் என்ன, எப்போது, எந்த ஆட்டம் என்று எதுவும் கேட்கவில்லை. நோட்டைப் பின்பக்கமாகப் புரட்டவும் இல்லை. ஒரே திறப்பில் அரையிறுதிப் பக்கம் வந்து நின்றது. நடுவில் ஒரு பழைய பஸ் டிக்கெட் செருகியிருந்தது. மூன்று வாரமாக அது அங்கேயே இருந்திருக்கிறது. இத்தனை நாளும் குச்சி ஒளித்து வைத்ததாக நினைத்துக்கொண்டிருந்தான். குனிந்திருந்த தலைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தான். ஒருவன் முகத்திலும் ஆச்சரியம் இல்லை. அத்தனை பேருக்கும் தெரிந்திருக்கிறது. அவனைத் தோளில் தூக்கிச் சுற்றியவர்களுக்கும் தெரிந்திருக்கிறது.

"முப்பத்தாறாவது நிமிஷம்" என்றான். "அஞ்சாம் நம்பர் இல்ல. பதினஞ்சு. என்னுது."

கோச் எழுதினார். பேனா தாளில் உரசுகிற சத்தம் மட்டும் கேட்டது. ஐந்தாம் நம்பருக்கு எதிரே இருந்ததன் மேல் அடித்து ஒரு கோடு, பதினைந்துக்கு எதிரே புதிதாக ஒரு கோடு. அந்த நோட்டில் என்ன எழுதினாலும் அரையிறுதியின் முடிவு மாறப்போவதில்லை. அது எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

குச்சி கேப்டன் பக்கம் திரும்பினான். கப்பல் நிறுவனத்துக்குப் போனதையும் தேர்வாளர் சொன்னதையும் விடாமல் சொன்னான். டீ குடித்ததையும் சொன்னான், கடிதத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டதையும் சொன்னான். சொல்லச் சொல்லக் காது மடல் சுட்டது.

"நான் போகலண்ணா. அது உங்களுக்கு வரவேண்டியது."

கேப்டன் ஷூவைக் கழற்றிப் பைக்குள் வைத்தான். அவசரமே இல்லை.

"எனக்காகப் போகாம இருக்கேன்னு சொல்லாத. நீ போகலன்னா அவங்க என்னைக் கூப்பிடப் போறாங்களா? அது போயிடுச்சு. உனக்கு அங்க நிக்கப் பிடிக்கலன்னா போகாத. அதை நீதான் பாக்கணும்."

குச்சியிடம் ஒரே ஒரு கேள்வி மிச்சம் இருந்தது. அன்றைக்கு ஏன் கையைத் தூக்கினான் என்று கேட்டான். ரெஃபரியிடம் தான் இல்லை என்று சொல்லியிருக்கலாமே.

"ஒரு நொடி பாத்தேன்டா, நீ தூக்குவேன்னு. நீ தூக்கல." கேப்டன் பையின் ஜிப்பை இழுத்து மூடினான். "நாம பண்ணின ஃபவுல். நம்மள்ல ஒருத்தன் தூக்கணும்ல."

கோச் அதற்கும் ஏதோ சொல்ல வாயெடுத்தார். சொல்லவில்லை.

அழக் கூடாது என்று குச்சி பல்லைக் கடித்தான். முடியவில்லை. அத்தனை பேருக்கு நடுவில், ஆறடி நான்கு அங்குல ஆள், மூக்கு ஒழுக நின்று அழுதான். யாரும் வந்து தோளைத் தொடவில்லை. யாரும் எழுந்து வெளியே போகவும் இல்லை. வீட்டுக்குப் போய் முதல் வேலையாக அக்காவை உட்கார வைத்து, அவளுக்குப் பிடித்த அந்த இடத்தைக் காட்டி, அது என்னவென்று சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டான். கடையில் எத்தனை பேருக்குக் காட்டினாளோ பாவம், அவளுக்கும் முகம் சுண்டிப்போகும். அதையும் பார்க்க வேண்டியதுதான்.

கோச் நோட்டை மூடினார். மூடிவிட்டும் போகாமல் அவனையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"கையைக் கீழ போடுப்பா" என்றார். "எழுதியாச்சு."

அப்போதுதான் குச்சிக்குத் தெரிந்தது, அது இன்னும் மேலேயே இருந்தது.